பாரை மீன் தலைக்கு ஒரு கத்தி

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று கிழமை. கத்தி முடியட்டும், பிறகு எழுதுவோம் என்றிருந்தேன். போன ஞாயிறு முடிந்தது.

நீ ரொறொன்ரோவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த எஸ்7 உருக்குச் சட்டம்தான். அம்மாவின் பழைய கத்தி நினைவிருக்கும். மெல்லிய வாய், நல்ல கடினம், வெங்காயத்தைத் தாள் மாதிரி அரியும். குருநகரில் வாங்கிய பாரையின் தலையைப் பிளந்த அன்று வாயில் மூன்று இடத்தில் துண்டு பறந்துவிட்டது. அந்தக் குழம்பை அப்படியே கொட்டினோம். கூர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, உடையாத கத்தி ஒன்று செய்ய வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

நீ தந்த எஸ்7, அடி வாங்குகிற உளிக்கும் அச்சுக்கும் போடுகிற உருக்கு. காபன் அரை வீதம்தான். அதனால் கடினம் ஓரளவோடு நின்றுவிடும், ஆனால் இலேசில் உடையாது. முதுகு 5 மில்லிமீற்றர் கனம் வைத்தேன். சூடு காட்ட முதலே வெட்டி, பிடிக்கு ஓட்டை போட்டு, கிறைண்டரில் சரிவு எடுத்தாயிற்று. வாயை மட்டும் ஒரு மில்லிமீற்றரில் விட்டேன். அதற்கு மேல் மெல்லிதாக்கினால் சூட்டில் நெளிந்துவிடும்.

கரி உலையில் இந்த உருக்குக்குச் சரியான சூடு பிடிப்பது கஷ்டம். தெரிந்த ஒருவரிடம் மின் உலை இருந்தது. துருப்பிடிக்காத உருக்குத் தாளில் கத்தியைச் சுற்றி, முதலில் 680 பாகையில் பொறுக்கவிட்டு, பிறகு 940 வரை ஏற்றி அரை மணித்தியாலம் வைத்தோம். எங்கள் பட்டறை அப்புவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாழ்நாள் முழுக்க லொறி வில்லுத்தகட்டில் கொடுவாக்கத்தி அடித்த மனிசன். குறட்டால் கத்தியை வெளியே எடுத்ததும் முக்கிக் கடினமாக்க அவர் கண் எண்ணெய் வாளியைத் தேடியது. "இதுக்கு எண்ணெய் வேண்டாம் அப்பு, காத்தே போதும்" என்றேன். அவர் நம்பவில்லை. செம்மஞ்சள் மங்கிச் சிவப்பாகி, சிவப்புக் கறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மடியிலிருந்து அரத்தை எடுத்து வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் இழுத்த மாதிரி அரம் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றும் பேசாமல் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆறவிட்டுச் சும்மா வைத்தால் வெடிக்கலாம். அன்றே வீட்டு ஓவனில் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணித்தியாலம். கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் அளவில் 57 அளவுக்கு வந்திருக்கும். பிடி, பழைய வீட்டு யன்னல் சட்டத்துப் பாலை மரம். பித்தளைக் கம்பியால் அறைந்தேன்.

சரி, வெட்டுக்கு வருவோம். பாரைத் தலை இரண்டே போடலில் பிளந்தது. வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு பல் இல்லை. ஆட்டு நெஞ்செலும்பும் அப்படியே. பூசணிக்காயில்தான் கனம் வில்லங்கம் தருகிறது. பாதியில் ஆப்பு மாதிரி இறுகி நிற்கிறது. குரோமியம் மூன்று வீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எங்கள் உப்புக் காற்றுக்கு அது காணாது, துரு பிடிக்கும். புளி பட்ட இடம் ஏற்கெனவே கறுத்துவிட்டது. அம்மா கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைக்கிறா. பழைய கத்தியை இன்னும் எறியவும் இல்லை.

அடுத்தது மரக்கறிக்கு. 3 மில்லிமீற்றர் சட்டம் கிடைத்தால் கொண்டுவா. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். கொடியேறினால் எங்கள் வீட்டில் மீன் இல்லை, தெரியும்தானே. ஒரு கிழமை முந்தியே வந்துவிடு, தலையை நீயே பிளக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி