பாண்டிக்குப் போய் வந்த கணக்கு

பாப்பாரப்பட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் மாங்காய் விஷயமாக யாராவது வந்து நிற்கிறார்கள். இந்த வருஷம் காய்ப்பு சுமார்தான். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

சரி, பெரிய சேதி. நானும் வீட்டுக்காரியும் பாண்டிச்சேரி போய் வந்தோம். "பத்தாயிரம் இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது" என்று நீ சொன்னாயே, அதற்காகவே பைசா பைசாவாகக் கணக்கு எழுதினேன். இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முந்நூறு. அதில் இருநூறு அவள் வாங்கிய சுடுமண் குதிரைக்கு.

சூட்சுமம் ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரியில் ராத்திரி பஸ் ஏறினோம். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போய் விடியும் முன்பே இறக்கிவிட்டான். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை அதிலேயே மிச்சம். செவ்வாய்க்கிழமை போனதால் ரூமும் மலிவாகக் கிடைத்தது. சனி, ஞாயிறில் பெங்களூர்க் கூட்டம் வந்து இறங்கினால் அதே ரூமுக்கு இரண்டு மடங்கு கேட்பார்களாம்.

அப்புறம் ஆட்டோவே பிடிக்கவில்லை. தெருக்கள் கயிறு பிடித்துப் போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. வழி தவற முடியாது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பக்கம், மேற்கே தமிழர்கள் இருந்த பக்கம். கிழக்கே மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்க ஒரே கூட்டம். எனக்கு மேற்குப் பக்கத்துத் திண்ணை வீடுகள்தான் பிடித்தன. வாய்க்காலைத் தாண்டினால் காபியும் பாதி விலை!

1674-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்த ஊர். 1761-இல் இங்கிலீஷ்காரன் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான். ஆகையால் இன்று பழசு என்று நாம் வாய் பிளந்து பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஊரே நடக்கிறது, நாங்களும் நடந்தோம், காசில்லாமல். குளிக்கலாம் என்று நினைக்காதே, நாங்கள் உட்கார்ந்த இடத்தில் கரையெல்லாம் கருங்கல்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டுக்குப் போனோம். அங்கேதான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. 1908-இல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்து உள்ளே போட்டார்கள். அதே வருஷம் பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் போய்விட்டார், பத்து வருஷம் அங்கேதான். சிவா ஜெயிலிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்து, கடைசியில் 1925-இல் நம் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். அந்தச் சமாதிப் பக்கம்தானே நீயும் நானும் கோலி ஆடினோம்? அந்த வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். "என்ன, கால் வலிக்குதா?" என்றாள் இவள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

திரும்பியது பகலில். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்கிறார்கள். பஸ் செஞ்சி மலையடியில் போனபோது எட்டி எட்டிப் பார்த்தேன். அத்தனை கனத்தை அந்தக் காலத்தில் எப்படித்தான் அவ்வளவு தூரம் இழுத்தார்களோ!

அரிக்கமேடு பார்க்காமல் வந்துவிட்டோம். ரோமானியர் காலத்துப் பானை ஓடுகள் தோண்டி எடுத்த இடம். அதை உனக்காக மிச்சம் வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. தங்கச்சியையும் கூட்டி வா. ஒரு துண்டு மறக்காதே, விடியற்காலைக் கடல்காற்று காதை அடைக்கிறது.

உன்,
சின்னசாமி