பூண்டைக் குழம்பில் போடு

பெரியகுளம்

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபத்தில் இருப்பதாகத் தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். அதே பேச்சில் அவள் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை இப்போது எழுத வைத்திருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஆறேழு பச்சைப் பூண்டுப் பற்களை நசுக்கி விழுங்குகிறாயாமே! எவரோ கைப்பேசியில் அனுப்பியதை நம்பி நீ வைத்தியத்தில் இறங்கியிருப்பாய். விடுதியில் உன் வேப்பெண்ணெய்ச் சிகிச்சையால் அண்ணாச்சி பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் காரியம் இல்லை. இரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்த நாளிலிருந்து இரத்தம் உறையாமல் இருப்பதற்கு நீ மாத்திரை சாப்பிட்டு வருகிறாய். பச்சைப் பூண்டும் அதிக அளவில் உள்ளே போனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. மாத்திரையும் பூண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால், ஒரு காயம் பட்டால்கூட இரத்தம் நிற்பதற்கு நேரமாகலாம். மாத்திரையில் கை வைக்காதே. பூண்டு விழுங்குவதை நிறுத்திவிட்டு, உன் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல். சமையலில் சேர்க்கும் அளவுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

எனக்கு எரிச்சல் ஏன் என்றால், பூண்டை ருசித்துத் தின்ன வேண்டிய இந்தத் தை மாதத்தில் நீ அதைக் கஷாயம் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாய். பனி இறங்கிவிட்டதால் பச்சை மொச்சை நன்றாகத் திரண்டிருக்கிறது. தோலை உரித்து முடிப்பதற்குள் விரலெல்லாம் அதன் மணம் ஏறிவிடுகிறது. வடுகபட்டிச் சந்தையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மலைப்பூண்டு கிடைக்கிறது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, எந்தப் பூண்டைக் கொண்டு வந்தவரும் அதை மலைப்பூண்டு என்றே சொல்லி விற்கிறார். ஒரு பல்லைக் கிள்ளி முகர்ந்து பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

குழம்பு வைக்கும் முறையை எழுதுகிறேன். தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் நீயே செய். மொச்சையை முதலில் தனியாக வேக வைத்துவிடு, ஏனென்றால் புளி சேர்ந்த பிறகு அது எவ்வளவு கொதித்தாலும் மசியாது. தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, சின்ன வெங்காயத்தோடு உரித்த பூண்டை முழுப் பற்களாகவே போட்டு, அவை பொன்னிறமாகி மெத்தென்று ஆகும் வரை சிறு தீயில் வதக்கு. பிறகு நாட்டுக் கத்தரிக்காய், அது வதங்கியதும் குழம்புத் தூளும் புளிக்கரைசலும், கடைசியில் மொச்சை. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது இறக்கிவிடலாம்.

பூண்டை இதில் தட்டிப் போட்டுவிடாதே. பல் நசுங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து, நெடியும் காரமும் உடைய அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லாகச் சூட்டில் இறங்கினால் அந்த நொதி பெரும்பாலும் வேலை செய்யாமலே அடங்கிவிடும். குழம்புப் பூண்டு இனிப்பதும், ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டு சுள்ளென்று ஏறுவதும் இதனால்தான். அவரைக்காய்ப் பொரியலுக்கு மட்டும் இரண்டு பல்லைச் சீரகத்தோடும் தேங்காயோடும் நசுக்கிக் கடைசியில் சேர்த்துக்கொள். உங்கள் ஊர்க் கடையில் உரித்து உறையில் அடைத்து விற்கும் பூண்டை வாங்கிவிட்டு, மணமே இல்லை என்று என்னிடம் புலம்பாதே.

மொச்சை மாசிக்கு மேல் முற்றிவிடும் என்பதால் அதற்குள் இருவரும் ஒரு நடை வந்து போங்கள். கிளம்புவதற்கு முன் மருத்துவர் சொன்னதை அப்படியே எழுது. தங்கச்சியிடமும் தனியாகக் கேட்பேன்.

அன்புடன்,
சங்கரன்