46 என்று வந்தாலும் டவுன் சிண்ட்ரோம்தான்

ஆசிரியருக்கு,

டவுன் சிண்ட்ரோம் என்றாலே பேச்சு தாயின் வயதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வயது ஏற ஏற வாய்ப்பு கூடுவது உண்மைதான். 25 வயதில் ஏறத்தாழ 1,250 பேறுக்கு ஒன்று, 35-இல் 350-க்கு ஒன்று, 40-இல் 100-க்கு ஒன்று. ஆனால் பிள்ளை பெறுபவர்களில் இளம்பெண்களே அதிகம் என்பதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் 35-ஐ எட்டாத தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள்.

வயதைப் பேசுவதில் விட்டுப்போவது, குழந்தையின் ரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் காரியோடைப் பரிசோதனை. முகத்தைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிட்டாரே, இனி டெஸ்ட் எதற்கு என்று பல குடும்பங்கள் அதைச் செய்வதில்லை. அடுத்த குழந்தைக்கு என்ன வாய்ப்பு என்பதை அந்த ரிப்போர்ட் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

100-இல் 95 குழந்தைகளிடம் 21-ஆம் குரோமோசோம் தனித்தனியாக மூன்று இருக்கும். வழக்கமாக இருப்பது இரண்டு, மொத்தம் 46; இவர்களிடம் மொத்தம் 47. பிரெஞ்சு மருத்துவர் லெஜூனின் குழுவினர் 1959-இல் பாரிஸில் எண்ணிச் சொன்னது இதைத்தான். இந்த வகையில், இளம் தாய்க்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். இன்னும் 3, 4 குழந்தைகளிடம் அந்த மூன்றாவது 21 தனியாக இராது. 14 போன்ற இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். இதுதான் டிரான்ஸ்லொகேஷன். எண்ணினால் 46-தான் வரும். ரிப்போர்ட்டில் 46-ஐப் பார்த்து நார்மல் என்று நினைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் ‘ராப்’ (rob) அல்லது ‘டெர்’ (der) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அப்பா, அம்மா இருவருக்கும் டெஸ்ட் எடுத்தாக வேண்டும்.

பல நேரம் இருவருக்கும் 46 சரியாகவே இருக்கும். மாற்றம் குழந்தையிடம் புதிதாக நேர்ந்தது. சில நேரம் ஒருவருக்கு 45 வரும். அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இராது. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகிவிட்டன, தேவையான மரபணுக்கள் அளவு குறையாமல் அப்படியே இருக்கின்றன. சிக்கல் கருவில்தான். 14-உம் 21-உம் ஒட்டியது அம்மாவிடம் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 10 முதல் 15 சதவீத வாய்ப்பு; அப்பாவிடம் என்றால் 1 முதல் 3 சதவீதம். அபூர்வமாக 21-உம் 21-உம் ஒட்டியிருந்தால், பிழைத்துப் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும்.

இரண்டு நாளில் முடிவு தரும் ஃபிஷ் (FISH) பரிசோதனை மட்டும் போதாது. அது 21 மூன்று இருப்பதைக் காட்டும், மூன்றாவது எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டாது. கர்ப்பிணியின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி.யும் அப்படித்தான். போதாக்குறைக்கு அது வெறும் வடிகட்டல் டெஸ்ட், வாய்ப்பு கூடுதலா என்று சொல்லுமே தவிர உறுதி செய்யாது.

சாம்பிள் கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்தில். 2, 3 மில்லி ரத்தம் சோடியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் போக வேண்டும். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி.க்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் போட்டால் அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. செல்களைப் பிரியவிடாது. இங்கே செல் உயிரோடிருந்து பிரிந்தால்தான் வேலையே நடக்கும்: 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்து, பிரியும் நேரத்தில் கோல்ச்சிசின் போட்டு நிறுத்தி, ஜீம்சா சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களை எண்ணுகிறோம். எடுத்ததும் குழாயை மெதுவாக ஏழெட்டு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் செல் செத்துவிடும். ஐஸ் பேக்கை ஒட்டி வைப்பதும் கூடாது. கூடிய மட்டும் மறுநாளுக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16-ஆம் வாரம் பனிக்குட நீரிலோ எதைத் தேட வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். அம்மாவுக்கு 45 என்று வந்தால் சித்திக்கும் மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களும் ஒருமுறை டெஸ்ட் எடுக்க வேண்டியவர்கள்தான்.

குரோமோசோம் ஆய்வகப் பணியாளர்கள்,
மதுரை