ஒரு கமாவும் 50 லட்சம் டாலரும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண்ணில் புரை எடுத்த பிறகு யார் உதவியும் இல்லாமல் நானே படித்த முதல் நீளமான கடிதம் அதுதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

குடியிருப்போர் சங்க விதிகளை ஆங்கிலத்தில் எழுதும் வேலையை உன்னிடம் கொடுத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். பட்டியலின் கடைசியில் 'அண்ட்', 'ஆர்' வருவதற்கு முன் கமா போடலாமா கூடாதா என்று செயலாளரோடு தகராறு என்று எழுதியிருந்தாய். நம் பள்ளிக்கூடத்தில் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடும். அதனால்தான் அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் போடாது. இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் யார் சரி என்ற சண்டையை விட்டுவிடு. அந்தக் கமா இல்லாததால் ஒரு வழக்கே நடந்தது, அதைக் கேள்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்று ஒரு பால் கம்பெனி. அதன் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அந்த மாநிலச் சட்டம். சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது, சேமித்து வைப்பது என்று வரிசையாக வந்து, கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று பட்டியல் முடியும். 'ஷிப்மெண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் கமா இல்லை.

விநியோகம் தனி வேலை, ஓட்டுநர்கள் செய்வது அதைத்தான், எனவே ஓவர்டைம் கிடையாது என்றது கம்பெனி. அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்கிறவர்களுக்குத்தான் விலக்கு, நாங்கள் பேக் செய்வதில்லை, லாரி ஓட்டுகிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் கமா வேண்டாம் என்றுதான் சொல்கிறது என்று கம்பெனி எடுத்துக் காட்டியது. அதற்கு ஓட்டுநர்கள் தரப்பில் வந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது: பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் ஆங்கிலத்தில் 'இங்' என்று முடிகின்றன, விநியோகமும் அப்படி ஒரு வேலை என்றால் அது மட்டும் ஏன் 'ஷிப்மெண்ட்' மாதிரி வேறு உருவத்தில் நிற்கிறது?

கீழ்க் கோர்ட்டில் கம்பெனிதான் ஜெயித்தது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வாக்கியம் இரண்டு விதமாகவும் பொருள்படுகிறது, கூலிச் சட்டத்தில் இப்படிச் சந்தேகம் வந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

எல்லோரும் கமாவைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, சட்டத்தை அவர்கள் பிறகு திருத்திய விதம். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டார்கள், 'டிஸ்ட்ரிப்யூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிப்யூட்டிங்' ஆக்கினார்கள். ஒரே வகையான விஷயங்கள் ஒரே உருவத்தில் வந்தால் படிக்கிறவன் தடுமாற மாட்டான், காதுக்கும் நன்றாக இருக்கும். துல்லியம் ஒரு பக்கம், நடை ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

உன் வரைவுக்கு வருகிறேன். 'கார்ஸ், பைக்ஸ் அண்ட் சைக்கிள்ஸ் வித் பர்மிஷன்' என்று எழுதியிருக்கிறாய். அனுமதி மூன்றுக்குமா, சைக்கிளுக்கு மட்டுமா? இங்கே கமாவைச் சேர்த்தாலும் எடுத்தாலும் சந்தேகம் தீராது. எந்த வண்டியை நிறுத்தவும் அனுமதி வேண்டும் என்று தனி வாக்கியமாக எழுதிவிடு.

அப்புறம், வரிக்கு வரி வருகிற 'ஷல்'. அது கட்டாயமா, விருப்பமா, இனி நடக்கப்போவதா என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது, இந்தக் காரணத்துக்காகவே அதை எடுத்துவிட்டார்கள். நீயும் கட்டாயம் என்றால் 'மஸ்ட்', செய்யலாம் என்றால் 'மே' என்று போடு. 'தி சேம்', 'ஹியரின்ஆஃப்டர்' மாதிரி பத்திர நடைச் சொற்கள் எல்லாம் போகட்டும். செயலாளர் கம்பீரம் குறைகிறது என்பார். உங்கள் குடியிருப்பில் ஆங்கிலம் அதிகம் படிக்காத பெரியவர்கள் இருக்கிறார்கள். விதியை மீறினால் அபராதம் அவர்களுக்கும்தானே? அவர்கள் ஒரு தடவை படித்தாலே புரிய வேண்டும் என்று அவரிடம் சொல்.

அடுத்த வரைவில் பார்க்கிங் பகுதியை முதலில் அனுப்பு, சண்டை அதில்தான் வரும். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்