செயலாளரின் ஆண்டறிக்கை: மார்பகப் புற்றுநோயைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நோயாளிகளும் குடும்பத்தினரும் சேர்ந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மனைவிக்கோ அம்மாவுக்கோ சிகிச்சை நடக்கும்போது டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வந்தவர்கள். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் 0.5 முதல் 1 சதவீதம் வரை ஆண்கள்தான் என்பதையும் அவர்கள் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில், ஆண்டு முழுக்க மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். உலக அளவில் 2022-ல் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நாம் இந்தப் பொருளை எடுத்ததற்கு அந்த எண்கள் காரணமில்லை. கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விதான் காரணம். "அவங்களுக்கு கீமோ கொடுத்தாங்க, எனக்கு ஏன் வெறும் மாத்திரை? எனக்கு முத்திப்போச்சா, இல்லை சரியா பார்க்கலையா?" இந்த ஒப்பீட்டில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நம்மிடையே பலர்.

அதற்குப் பதில் பயாப்சி ரிப்போர்ட்டில், அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்த அறிக்கையில் இருக்கிறது. ஒரு சகோதரி தன் ரிப்போர்ட்டைப் பெயரை மறைத்து நகல் எடுத்துக் கொடுத்தார். மேசையில் விரித்து வைத்து வரி வரியாகப் படித்தோம். இந்த ஆண்டு நடந்தவற்றில் அதிகம் பயன்பட்டது அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன். "கிரேடு 3" என்ற வரி வந்ததுமே ஒருவர் கண் கலங்கிவிட்டார். தன் ரிப்போர்ட்டிலும் அதே வரி இருந்ததாம். அதை மூன்றாம் நிலை என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். கிரேடு வேறு, நிலை வேறு. செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைச் சொல்வது கிரேடு. கட்டி எவ்வளவு பெரியது, அக்குள் நெறிகளுக்கோ (நிணநீர் முடிச்சுகள்) உடலின் வேறு இடத்துக்கோ போயிருக்கிறதா என்பதை வைத்துச் சொல்வது நிலை. கிரேடு 3 உள்ள சிறிய கட்டி முதல் நிலையிலேயே இருக்கலாம்.

அதற்குக் கீழே இருந்த மூன்று வரிகளில்தான் அந்தக் கேள்விக்கான பதில் இருந்தது. ஈஆர், பிஆர் என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். இவை 'பாசிட்டிவ்' என்றால் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது. அந்தத் தூண்டுதலைத் தடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யும். மூன்றாவது ஹெர்2 என்ற புரதம். அதற்கு 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு சொல்ல முடியாது, ஃபிஷ் போன்ற இன்னொரு சோதனை செய்ய வேண்டும். ஒரு காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்றாலே பயப்பட வேண்டியிருந்தது. 1998-ல் ஹெர்2-ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப் ஊசி மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் அந்த நிலைமை வெகுவாக மாறிவிட்டது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையோ ஹெர்2 ஊசியோ பொதுவாகப் பயன்படாது. அங்கே கீமோவுக்கு முக்கிய இடம், சிலருக்கு அதோடு நோயெதிர்ப்பு மருந்தும் சேரும். ஆக, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் நமக்கும் நோயின் பெயர் ஒன்றுதான். வகை வேறு என்பதால் வைத்தியமும் வேறு. மாத்திரை மட்டும் கொடுத்தார்கள் என்றால் கவனிக்காமல் விட்டார்கள் என்று பொருளில்லை. அந்தக் கட்டிக்குக் கீமோவால் கூடுதல் பலன் இருக்காது என்று கணித்திருக்கலாம்.

அறுவை சிகிச்சை பற்றிய கூட்டத்தில் விவாதம் சூடாகவே நடந்தது. "மார்பை முழுசா எடுத்துட்டா நிம்மதி, மிச்சம் வெச்சா திரும்ப வரும்" என்று பலரும் நம்புகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு அடியிலிருக்கும் தசையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் அதுதான் நியதி. அதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகம் முழுவதையும் எடுத்துக்கொண்டவர்களும் ஒரே அளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்பதை அவர் குழுவின் 20 ஆண்டு முடிவுகள் 2002-ல் காட்டின. இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியின் குழுவும் அதே ஆண்டில் இதையே சொன்னது. அதே மார்பகத்தில் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதனால்தான் கதிர்வீச்சைத் தவிர்க்காமல் முடிக்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. பல இடங்களில் கட்டி இருந்தாலோ, முன்பே அங்கே கதிர்வீச்சு வாங்கியிருந்தாலோ முழுமையாக எடுக்க வேண்டியிருக்கலாம். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை செய்வதும் உண்டு. முழுமையாக எடுத்துக்கொள்ள முடிவு செய்தவர்களையும் யாரும் குறைவாகப் பேசக் கூடாது, முடிவு அவரவருடையது.

அக்குள் நெறிகள் நிறைய எடுக்கப்பட்டவர்களுக்குக் கை வீங்கலாம், சில சமயம் ஆண்டுகள் கழித்தும். ஓர் உறுப்பினர் வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் போடும் இறுக்கமான அழுத்த உறையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை சுருக்கமில்லாமல் ஏற்றுவது எப்படி என்று செய்து காட்டினார். இப்போது முதலில் நிணநீர் போய்ச்சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விடுகிறார்கள். வீக்கம் குறைந்ததற்கு இது பெரிய காரணம்.

கீமோ எடுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முடி கொட்டுவது மனதை வாட்டும், ஆனால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். காய்ச்சலை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஹார்மோன் மாத்திரை விஷயத்தில்தான் நம் சங்கம் இன்னும் உழைக்க வேண்டும். டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்றவற்றைக் குறைந்தது 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள்வரை எடுக்கிறார்கள். அறுவை முடிந்து, முடி வளர்ந்து, பார்ப்பவர்கள் "நல்லாயிட்டீங்க" என்று சொல்லும் காலம் அது. மூட்டு வலியோ, திடீர் உடல் சூடோ தாங்காமல் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை, அந்த வலி உண்மையானது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், வலிக்கு வழி செய்யலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த மூன்று இலக்குகளில், நோயாளிகளில் 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதும் ஒன்று. மற்ற இரண்டும் ஆரம்ப நிலையில் கண்டுபிடிப்பது, டாக்டரிடம் வந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதி செய்வது. நம்மைப் போன்ற ஒரு சங்கத்தால் நேரடியாகக் கைகொடுக்க முடிவது இந்த 80-க்குத்தான் என்பது என் கருத்து.

கண்டறிதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய்க் கட்டி பொதுவாக வலிக்காது, அதனால் வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பில் ரத்தக்கசிவு, அக்குளில் கட்டி, இவற்றில் எது வந்தாலும் காட்டிவிடுங்கள்.

இரங்கல் செய்தி ஒன்றையும் பதிவு செய்கிறேன். நோய் எலும்புக்குப் பரவியிருந்த நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். அக்கா நான்காம் நிலையிலும் ஆண்டுக்கணக்கில் நம்மோடு இருந்தார். ஒரு கூட்டத்தில் எழுந்து, "சீக்கிரம் கண்டுபிடிச்சா பிழைக்கலாம்னு நீங்க சொல்லும்போதெல்லாம், நான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கு. எனக்கு முதல் நிலையிலேயே கண்டுபிடிச்சாங்க, எல்லா சிகிச்சையும் முடிச்சேன்" என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆரம்பத்தில் கண்டறிந்து ஒழுங்காகச் சிகிச்சை முடித்தவர்களில் சிலருக்கும் நோய் திரும்புகிறது. இதுபோலவே, நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு, பெண்ணாயிருப்பது, வயது ஆகியவை தவிரக் குறிப்பிட்டுச் சொல்லும் காரணம் எதுவும் இருப்பதில்லை. அன்றிலிருந்து நம் துண்டுப்பிரசுரங்களின் வாசகத்தை மாற்றினோம். பரவிய நோயோடு வாழ்பவர்களுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் தனி நேரம் ஒதுக்கினோம். அங்கேதான் பரவிய இடத்தில் மறுபடி பயாப்சி எடுப்பது ஏன் என்று பேசினோம்: ஏற்பிகள் மாறியிருக்கலாம், மாறியிருந்தால் மருந்தும் மாறும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை இரண்டு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்ல ஒரு கேள்வித் தாள், அதன் முதல் கேள்வி, "என் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ன?" இரண்டாவது, மாத்திரைக் காலத்தில் இருப்பவர்களை மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேச ஒரு குழு. பேச விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்