1987இல் தொடங்கிய கதையல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஈழ இயக்கங்களைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணிக்கு (ஈ.பி.ஆர்.எல்.எவ்.) ஒரேயொரு வரி கிடைத்திருக்கிறது. இந்திய இராணுவத்தோடு வந்தார்களாம், இந்திய இராணுவத்தோடு போனார்களாம். எழுதியவருக்கு ஏதோ அவசரம். தங்களுக்குமா?

1987 ஜூலையில், இந்திய இராணுவத்தைக் கொண்டுவந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அந்த இயக்கம் ஒருமுறை எழுந்து விழுந்துவிட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. ஈரோஸ் என்ற இயக்கத்திலிருந்து பிரிந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் பத்மநாபாவின் தலைமையில் உருவானது. மாணவர், பெண்கள், கூலி விவசாயிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஊர் ஊராகப் போய் அமைப்புக் கட்டினார்கள். அவர்களின் மாணவர் அமைப்பான ஈழ மாணவர் பொது மன்றத்தின் நோட்டீஸைப் படித்துத்தான் நிலப்பிரபுத்துவம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. சண்டையில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல. 1985இல் காரைநகர் கடற்படை முகாமைத் தாக்கப் போய்த் தோற்றார்கள். அதே ஆண்டு நான்கு இயக்கத் தலைவர்களும் கைகோத்து நின்ற படம் தங்களிடமும் இருக்கிறது. அதில் ஒருவரை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் போட்டீர்களே, அதே படம்தான்.

1986 மே 6ஆம் திகதி டெலோ இயக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் கோண்டாவிலில் புலிகளால் கொல்லப்பட்டார். நான் கோண்டாவில்காரி. டெலோப் பொடியன்களுக்கு அந்தக் கிழமை என்ன நடந்தது என்று நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. அதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தை இடநெருக்கடி என்று சொல்லிப் பாதியாக்கினீர்கள். அதே இதழில் நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது. டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எவ்.வின் முறை வந்தது. புலிகள் அவர்களையும் அடித்து, தடையும் செய்தார்கள். இதை விட்டுவிட்டு 1987இல் கதையைத் தொடங்கினால், இந்திய இராணுவத்தின் பின்னால் அவர்கள் ஏன் போய் நின்றார்கள் என்று எந்த வாசகருக்கு விளங்கும்?

வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1988 நவம்பர் வடக்கு-கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் வடக்கில் போட்டியே இல்லை. ஈ.பி.ஆர்.எல்.எவ்.வின் வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். இந்தியப் படை புறப்படப் போகிறது என்றதும், அடுத்த ஆண்டு அவர்கள் அமைத்த தமிழ்த் தேசிய இராணுவத்துக்குப் பிள்ளைபிடி, அதாவது கட்டாய ஆட்சேர்ப்பு, தொடங்கியது. கொழும்புக்கு அனுப்ப வசதியுள்ள வீடுகள் அனுப்பிவிட்டன. இல்லாத வீட்டுப் பொடியன்கள் அகப்பட்டார்கள். கூலிக்காரருக்காகப் பேசிய இயக்கம் கடைசியில் அவர்களின் பிள்ளைகளைத்தான் பிடித்தது. ரியூசன் கொட்டிலில் பொடியன்களின் வாங்குகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்ணால் கண்டவள் நான். இதுவும் தங்கள் கட்டுரையில் இல்லை. ஜனாதிபதி பிரேமதாச கொடுத்த ஆயுதங்களோடு புலிகள் வந்தபோது, போதிய பயிற்சி பெறாத அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 1990 மார்ச் 1ஆம் திகதி திருகோணமலையில் வரதராஜப்பெருமாளின் ஈழப் பிரகடனத் தீர்மானம், அப்புறம் இந்தியாவுக்குப் பயணம். இந்த இடத்தில் மட்டும் தங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி.

சென்னைக் கோடம்பாக்கம் கொலைகளை 1991 என்று போட்டிருக்கிறீர்கள். பத்மநாபாவும், நாடாளுமன்ற உறுப்பினர் யோகசங்கரியும், மாகாண நிதியமைச்சர் கிருபாகரனும், அவர்களோடு இருந்த மற்றவர்களும் கொல்லப்பட்டது 1990 ஜூன் 19ஆம் திகதி. 1991 என்றால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர். கொன்றவர்கள் ஒரே இயக்கம் என்பதால் ஆண்டும் ஒன்றாகிவிடுமா?

அடுத்த இதழில் அந்த ஆண்டையாவது திருத்திப் போடுங்கள். ஒரு வரி போதும். நகைக்கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோண்டாவில்.