ஆன்லைனில் படிக்கட்டும், பட்டறைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் தேக்கு நிலை, கதவு, ஊஞ்சல் பலகை என்று இருந்த தொழில், இப்போது மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் என்று மாறிவிட்டது. தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். இன்டீரியர் டிசைனை ஆன்லைனில் படித்துவிட்டு வருகிறவர்களோடு தினமும் வேலை பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு ஆன்லைனில் வந்ததை முழு மனதோடு வரவேற்கிறேன். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. இருக்கிறது, செப்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அனுப்பிப் படிக்க வைக்க எத்தனை வீட்டில் முடியும்? எங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் பெண், தேவகோட்டையில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு, குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தவர். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள் இரண்டிலும் அவருக்குக் கை அப்படி ஓடும். முன்பெல்லாம் சாக்பீஸால் தரையில் கோடு கிழித்து, "இதுதாங்க அலமாரி" என்போம். வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு, வேலை முடிந்ததும் "இப்படி வரும்னு நினைக்கலையே" என்பார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் திரையில் பிடிபடாத சங்கதிகள் சில உண்டு. ஒரு வேலைக்கு வந்த வரைபடத்தில் வார்ட்ரோப் 8 அடி உயரம், 2 அடி ஆழம். ஃபால்ஸ் சீலிங் அடித்த பிறகு அறையின் உயரம் 8 அடி 2 அங்குலம். படத்தில் அழகாகப் பொருந்துகிறது, மேலே 2 அங்குலம் மிச்சமும் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தரையில் படுக்கப் போட்டுத்தான் பூட்டுவோம், அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவோம். நிமிரும்போது அதன் மூலைக்கு மூலை அளவு ஏறக்குறைய 8 அடி 3 அங்குலம். சீலிங்கில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் கீழே 7 அடிக்கு ஒரு பெட்டி, மேலே லாஃப்ட் தனி என்று இரண்டாகப் பிரித்துச் செய்கிறோம். வரைந்தவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. பெட்டி எழுந்து நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவருக்கு யாரும் வாய்ப்புத் தரவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும், வாழ்நாளுக்கும் மறக்காது.

சுவரும் அப்படித்தான். திரையில் எல்லா மூலையும் 90 டிகிரி. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மூலை மட்டத்தை வைத்தால்தான் உண்மை தெரியும். ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்துவிட்டு, குறுக்கே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். ஓர் அங்குலம் முன்பின் இருந்தால் சமையல் மேடையின் கிரானைட்டை அதற்குத் தக்கபடி வெட்ட வேண்டும்.

வெளிநாட்டுப் பாடங்களை அப்படியே எடுத்து நடத்தும்போது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் மேடையின் உயரம் 36 அங்குலம். நம் பெண்களில் பலருக்கு 32, 33 அங்குலம்தான் தோளுக்கு வசதி. கிரைண்டரில் மாவு வழிக்கிற இடத்தை அதைவிடவும் தாழ்த்தித் தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேஸ் சிலிண்டரைக் குனிந்து உருட்டி எடுக்க இடம் வேண்டும். சிங்க் அடியில் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு போட்டால் தண்ணீர் பட்டு உப்பிப்போகும். அங்கே தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போட வேண்டும் என்பது பாடத்தில் இருக்கலாம். உப்பிப்போன பலகையைக் கையால் அமுக்கிப் பார்த்தவருக்கே அதன் காரணம் மனசில் நிற்கும். பலகை மேல் ஒட்டும் லேமினேட் தாளின் நிறமும் அப்படியே. கம்ப்யூட்டரில் பார்த்த சந்தன நிறம், மஞ்சளாக எரியும் 3000 கெல்வின் விளக்கில் ஒன்றாகவும், வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் விளக்கில் வேறாகவும் தெரியும்.

அமெரிக்காவில் இன்டீரியர் டிசைனர்களுக்கு என்.சி.ஐ.டி.க்யூ. என்றொரு தேர்வு இருக்கிறது. அதில் முழுத் தகுதி பெற, பட்டம் வாங்கியவர்களும் 3,520 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்ட எந்தப் பதிவும் வேண்டாம். ஆகவே பிள்ளைகளுக்கு அனுபவம் கிடைக்கச் செய்யும் பொறுப்பு முழுக்கக் கல்லூரிகள் தலையில்தான் விழுகிறது. 3,520 மணி நேரம் கேட்கவில்லை. ஆன்லைன் படிப்பு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் மாணவர் இருக்கும் ஊரிலேயே ஒரு பட்டறையிலோ சைட்டிலோ இரண்டு மாதம் நிற்க வைத்து, அங்கே கையெழுத்து வாங்கி வந்தால்தான் சான்றிதழ் என்று விதி வைக்க வேண்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். எல்லா ஊரிலும் பட்டறை இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று. சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் மூன்றும் வேறு வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பட்டம் என்று சொன்னால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் உள்ள அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விவரத்தைத் தங்கள் நாளிதழும் அட்மிஷன் நேரத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் பல குடும்பங்களின் பணம் தப்பும்.

எங்கள் பகுதியில் படிக்கிறவர்களுக்குப் பார்க்க இன்னொன்றும் உண்டு. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே தரைக்கல் செய்கிறார்கள். கண்ணாடியை எடுத்ததும் மேல்பக்கம் பளபளவென்று வரும். இதை நேரில் பார்த்தால் ஆசை விடாது.

எங்கள் பட்டறைக் கதவு ஆன்லைனில் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது, காசு ஏதும் வேண்டாம். ரசமட்டம் பிடிப்பதிலிருந்து பலகை விளிம்பில் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டுவது வரை எல்லாம் செய்து பார்க்கலாம். ஆடியில் புது வேலை தொடங்குகிறவர்கள் குறைவு. அப்போது வந்தால் நின்று சொல்லித்தர எங்கள் ஆட்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
மரவேலைப் பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி